மார்கழிப் பசிக்கு உளுந்தங்களி: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஏத்த பனிக்கால ஆயுர்வேதம்

[காட்சி: சுடச்சுட உளுந்தங்களி. நடுவுல குழி, குழி நிறைய நல்லெண்ணெய்.]

மார்கழியில எழுந்ததும் வயிறு கபகபன்னு பசிக்குதா? பயப்படாதீங்க. ஆயுர்வேதக் கணக்குல, வருஷத்துலயே செரிக்கிற சக்தி ஓங்கி நிக்கிற காலம் இதுதான். அந்தப் பசிய டீயும் ரெண்டு பிஸ்கட்டும் வச்சு ஏமாத்தாதீங்க. தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம கடற்கரைக்கு எது பொருந்தும்னு பார்ப்போம்.

பின்னணி ரெண்டே வரி. ஹேமந்தம், சிசிரம்னு ஆயுர்வேதத்துல சொல்றது ஏறக்குறைய நம்ம முன்பனி, பின்பனி. மாசக் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன வரும். வெளியே குளிர்ந்தா உடம்புச் சூடு மூடின சூளை மாதிரி உள்ளேயே தங்கி, பசித்தீ கூடும். அதுக்கு ஈடான சாப்பாடு போகலேன்னா உடம்பு வறண்டு வாதம் ஏறும்னு சொல்றாங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். வாக்பட்டர் எழுதின பழைய ஆயுர்வேத நூல் அஷ்டாங்க ஹிருதயத்துல, சூத்திர ஸ்தானம்ங்கிற பகுதியோட 3-வது அத்தியாயத்துல ஹேமந்தத்துக்கு ஒரு பட்டியல் இருக்கு: கோதுமை, உளுந்து, கரும்பு, பால் இதுகள்ல செஞ்ச பண்டம், புது அரிசிச் சோறு, எண்ணெய், கைகால் கழுவ வெந்நீர். இதுல உளுந்து, இனிப்பு, எண்ணெய் மூணையும் எடுங்க. கரும்புக்குப் பதிலா நம்ம பனையைப் போடுங்க. உளுந்தங்களி வந்துருச்சா!

செய்முறையை நிதானமா கேளுங்க. தோலோட கருப்பு உளுந்து 200 கிராம், பச்சரிசி 50 கிராம், வெந்தயம் அரை டீஸ்பூன். தனித்தனியா, சின்னத் தீயில வறுக்கணும். தீ கூடினா தோல் கருகும், உள்ளே பச்சை வாடை நிக்கும். ஆறவச்சு, நைசா அரைச்சு, சலிச்சுக்குங்க.

1 டம்ளர் மாவுக்கு தட்டின கருப்பட்டி 1 டம்ளர், தண்ணி மொத்தம் 3 டம்ளர், நல்லெண்ணெய் கால் டம்ளர். கருப்பட்டியை 1 டம்ளர் தண்ணியில கரைய விட்டு வடிகட்டணும். இல்லேன்னா மண்ணு பல்லுல நறநறங்கும். மாவை மீதி 2 டம்ளர் பச்சைத் தண்ணியில கரைச்சு, அப்புறம்தான் அடுப்புல வைக்கணும். கொதிக்கிற தண்ணியில மாவைக் கொட்டினா கட்டி விழுந்துரும், உடைக்கவே முடியாது. ரெண்டையும் சேர்த்து, சின்னத் தீயில கைவிடாமக் கிண்டுங்க. எண்ணெயை மூணு தடவையா ஊத்தணும். பளபளன்னு திரண்டு வந்ததும் ஈரக் கையால தொட்டுப் பாருங்க. ஒட்டலேன்னா வெந்துருச்சு. ஒட்டினா இன்னும் அஞ்சு நிமிஷம்.

கருப்பட்டி வாங்கும்போது உடைச்சுக் காட்டச் சொல்லுங்க. உள்ளே சீனி மணி மாதிரி மின்னினா கலப்படமான்னு சந்தேகப்படணும். மழைக்கால ஈரத்துல கருப்பட்டி கசியும், காத்துப் புகாத டப்பாவுல வைங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், இதுல சமரசமே வேண்டாம். அவங்க அதே மாவுல பூண்டு, சுக்கு, உப்புப் போட்டுக் கஞ்சியா காய்ச்சிக்கலாம்.

ஒரு திருத்தம் முக்கியம். அந்தப் பட்டியல் நல்லாக் குளிர்ற ஊருக்குப் பொருந்தும். பாம்பன்லயும் கீழக்கரையிலயும் குளிரு விடியக்காலையோட சரி, மத்தியானம் வேர்த்துக் கொட்டுது. வடகிழக்குப் பருவமழை ஈரமும் காத்துல மிச்சம் இருக்கும். அதனால களி காலையில மட்டும், பெரியவங்களுக்கு எலுமிச்சம்பழ அளவுல ரெண்டு உருண்டை போதும். ராத்திரி தின்னா மந்தம், சளி. என் கருத்து, மூணு வேளையும் கனமா சாப்பிடுறது நம்ம ஊருக்கு ஒத்து வராது.

பனங்கிழங்கும் இப்பத்தான் வரும். மஞ்சள், உப்புப் போட்டு அவிச்சு, நாரை உரிச்சு, மிளகும் பூண்டும் சேர்த்து இடிச்சுத் தின்னுங்க. வெறுசா தின்னா சிலருக்கு வாயு கட்டும்.

எண்ணெய்க் குளியல்: வெதுவெதுப்பான நல்லெண்ணெய், அரை மணி நேரம் ஊறல், வெந்நீர். நம்ம கிணத்து உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது, திரியாப் படியும். சீயக்காய்க்கு அந்தத் தொல்லை கிடையாது. காய்ச்சல், சளி இருக்கும்போதும் வயிறு நிறைய சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். குளிச்ச அன்னைக்குப் பகல் தூக்கமும் கூடாது.

மீன் சாப்பிடற வேளையில பால் வேண்டாம், ஆயுர்வேதத்துல அது விருத்த உணவு, அதாவது ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாத சாப்பாடு.

வெயில் ஏற ஆரம்பிச்சதும் களியைச் சட்டுன்னு நிறுத்தாதீங்க. போற பருவத்துல கடைசி 7 நாள், வர்ற பருவத்துல முதல் 7 நாள், இந்த 14 நாளும் பருவச் சந்தி. அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வாங்க.

உங்க வீட்டுக் களிக்கு உளுந்துக்கு அரிசி என்ன கணக்கு? கமெண்ட்ல எழுதுங்க, ஊர்ப் பேரோட.