பிள்ளை திக்கும்போது நாம் என்ன செய்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை ஒரு சொல்லில் திக்கி நின்றவுடன் நம் வீடுகளில் முதலில் வருவது, "ஆறுதலாக் கதை மகன், மூச்சை இழுத்துவிட்டுக் கதை" என்பதுதான். அன்பில் சொல்வது, ஆனால் உதவாது. சொல் அடைபடும்போது தொண்டையில் குரல்நாண்கள் இறுகி, காற்று நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் மூச்சை இழுக்கப் பழகிய பிள்ளை, பிறகு சொல்லுக்குச் சொல் மூச்சிழுக்கத் தொடங்கிவிடும். கண்ணை இறுக்கி மூடுவதும் காலைத் தட்டுவதும் இப்படி வந்து ஒட்டிக்கொள்பவைதான்.

நாக்கில் வசம்பு தேய்த்தால் திக்குவது போகாது, ஏனென்றால் கோளாறு நாக்கில் இல்லை. பேச்சசைவுகளை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பரம்பரைக்கும் பங்குண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பலருக்குத் தானாகவே நின்றுவிடும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு நிலைத்திருக்கும். தானாக நின்றுவிடும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாரும் திக்கினாலோ, பிள்ளை கதைக்கவே பின்வாங்கினாலோ தாமதிக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் பேச்சுச் சிகிச்சை பற்றி விசாரியுங்கள்.

முன்பு பெரும்பாலும் சிகிச்சையின் இலக்கு, திக்கை முற்றாக நிறுத்துவது. அதனால் பலர் திக்கை மறைக்கத்தான் பழகினார்கள்: வராத சொல்லை மாற்றுவது, தெரிந்த விடையையும் தெரியாது என்பது. பெயரை மட்டும் மாற்ற முடியாதே! அதனால்தான் பலருக்குச் சொந்தப் பெயரே மிகக் கடினமாகிறது. இன்று பல சிகிச்சையாளர்கள் பயமில்லாமல் கதைப்பதை முதலில் வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குப் பெற்றோரே தினமும் 10, 15 நிமிடம் விளையாட்டோடு பயிற்சி கொடுக்கப் பழக்குவார்கள். பெரியவர்களுக்கு ஒரு முறை உண்டு: திக்கிய சொல்லை முடித்துவிட்டு, 3 வினாடி நிறுத்தி, எங்கே இறுகியது என்று உணர்ந்து, அதே சொல்லை இறுக்கம் தளர்த்தித் திரும்பச் சொல்வது. சிகிச்சை அறையில் இது சுலபம். சந்தையிலும் தொலைபேசியிலும்தான் கடினம். அங்கே பழகாவிட்டால் கைவிட்டுப் போகும்.

ஆசிரியர்களே, வரிசையாக வாசிக்க விடும்போது தன் முறைக்காகக் காத்திருப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரும் வதை. முதலிலேயே கூப்பிடுங்கள், அல்லது இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள். சேர்ந்து வாசிக்கும்போது திக்கு பெரிதும் குறையும். இடாப்புக் கூப்பிடும்போது எப்படிப் பதில் சொல்ல விருப்பம் என்று தனியே கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கினால் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காமல், முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.