ஊன்றுகோலில் போன கேள்வி

மருத்துவ மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். மனிதர்கள்மேல் மருத்துவச் சோதனை செய்வதற்கான நியூரம்பர்க் விதிகள் பத்தையும் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். சோதனைக்கு உட்படுபவர் மனமுவந்து சம்மதிக்க வேண்டும் என்பது முதல் விதி. நாஜி மருத்துவர்களை ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் விசாரித்த நீதிபதிகள் அதை எழுதியது 1947இல். அவர்களுக்கு முன்பே அதைக் கேட்ட சில பெண்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்புரூக், நாஜிகளின் பெண்கள் வதைமுகாம். 1942 கோடையில் அங்கே கைதிகளின் காலைக் கீறி, கிருமியையும் மரத்தூளையும் கண்ணாடித் தூளையும் காயத்தில் வைத்தார்கள். போர்முனையில் சிப்பாய்களின் காயம் அழுகுகிறதே, கிருமிக்கு எதிரான சல்ஃபா மருந்துக்கு அது கேட்குமா என்று பார்க்கத்தானாம்! சோதனையை நடத்திய மருத்துவர் கார்ல் கெப்ஹார்ட்டுக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று இருந்தது. நாஜித் தலைவர் ஹைட்ரிக் காயம்பட்டு இறந்தபோது, சல்ஃபா கொடுக்காமல் விட்டதாகக் கெப்ஹார்ட் மேல் பழி விழுந்திருந்தது. மருந்து உதவாது என்று முடிவு வந்தால் அவருக்கு நல்லது. இதற்குப் பெயர் ஆராய்ச்சி!

இப்படியும் எலும்பு, தசை அறுவைகளிலும் சிக்கிய போலந்துப் பெண்கள் 74 பேர். நாம் சோதனை எலி என்கிறோமே, அதுபோல முகாமில் அவர்களுக்கு 'முயல்கள்' என்று பெயர்.

1943 மார்ச்சில் அந்த முயல்கள் ஒரு மனு எழுதினார்கள். அரசியல் கைதிகளை இப்படி அறுப்பது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம், இது முகாம் தளபதிக்குத் தெரியுமா என்று கேட்டு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். பதில் வரவில்லை.

சரி, மருத்துவர்களாவது கேட்டார்களா? அதே ஆண்டு மே மாதம் பெர்லினில் ராணுவ மருத்துவர்களின் மாநாடு. கெப்ஹார்ட் குழு மேடையேறி முடிவுகளை வாசித்தது. சோதிக்கப்பட்டவர்கள் கைதிகள் என்பது தெரிந்தும் ஒருவர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை. அரசாங்க விதி இல்லாத நாடா என்றால், அதுவும் இல்லை. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது என்று ஜெர்மனியில் 1931லேயே சுற்றறிக்கை வந்திருந்தது. நியூரம்பர்க் விதிகளை முதல் விதிகள் என்று எழுதும் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

1946 டிசம்பரில் அந்தப் பெண்களில் நான்கு பேர் நியூரம்பர்க் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள், காலில் இருந்த தழும்புகளைக் காட்டினார்கள். கெப்ஹார்ட் 1948இல் தூக்கிலிடப்பட்டார்.

ஒன்பதாவது விதி நினைவிருக்கிறதா? சோதனையின் நடுவே போதும் என்று விலகும் உரிமை. 1943 ஆகஸ்டில் மறுபடி கூப்பிட்டபோது சில பெண்கள் வரமாட்டோம் என்று மறுத்தார்கள். அவர்களை முகாமின் சிறைக்கட்டடத்துக்கு இழுத்துப் போய், ஐந்து பேருக்கு அங்கேயே, கால் அழுக்கைக்கூடக் கழுவாமல், பலவந்தமாக அறுவை செய்தார்கள்.