இரண்டு நாட்டுக்கு ஒரு லீக்: பணம் எங்கிருந்து வரும்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். "சிறிய நாடுகளின் கால்பந்து பிழைக்க எல்லை தாண்டிய லீக் கைகொடுக்குமா, கொடுக்காதா?" இதுதான் தலைப்பு. கொடுக்காது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு விஷயத்தைச் சரியாகத்தான் சொன்னார். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் வந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கும் கிளப்புக்கே சுமார் 10 கோடி பவுண்டு கிடைக்கிறது. நான்கு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் அந்தத் தொகையைத் தன் உள்நாட்டு டிவி ஒப்பந்தத்திலிருந்து கனவிலும் எதிர்பார்க்க முடியாது. இருபது வயதில் ஒரு பையன் நன்றாக ஆடினால் அடுத்த கோடையில் அவன் லண்டனிலோ மான்செஸ்டரிலோ இருப்பான். இந்த வலி நிஜம், எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் வழி, "பக்கத்து நாட்டோடு சேர்ந்து ஒரே லீக் ஆக்கிவிடுவோம், டிவிக்காரன் இரண்டு மடங்கு கொடுப்பான்" என்பது. அந்தக் கணக்கைத்தான் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த யோசனை ரொம்ப தூரம் போனது பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும். 2021 மார்ச்சில் பெல்ஜிய கிளப்புகள் கொள்கை அளவில் சரி என்று வாக்களித்தன. 18 அணிகள், அதில் பத்து டச்சு, எட்டு பெல்ஜியம் என்று பேச்சு. டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் ஆய்வு செய்து, டிவி உரிமையில் வருடத்துக்கு 25 கோடி முதல் 40 கோடி யூரோ வரை வரலாம் என்று சொன்னது. எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அந்த 40 கோடியை மட்டும் மூன்று முறை சொன்னார். நான் அந்த "முதல், வரை" என்ற இரண்டு சொல்லைப் பார்க்கச் சொல்கிறேன். கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் நடுவில் 15 கோடி யூரோ இடைவெளி. யாரும் கையெழுத்துப் போடாத, ஏலமே நடக்காத ஒரு பணத்தை நம்பி இரண்டு நாட்டு முதல் டிவிஷனையும் கலைக்கச் சொல்கிறார்கள். அப்போது இரண்டு நாட்டிலும் முதல் டிவிஷனில் தலா 18 கிளப்புகள் இருந்தன. மொத்தம் 36. அதை 18 ஆக்கினால் மீதி 18 கிளப்புகளின் கதி என்ன? கீழே இறங்கியவுடன் அவர்களுடைய டிவி பங்கு சுருங்கும், ஸ்பான்சர் பேரம் பேசுவான், அப்புறம் இளைஞர் அகாடமியில்தான் முதலில் கை வைப்பார்கள். அந்த அகாடமிகளிலிருந்து வரும் பையன்களை விற்றுத்தானே அந்த இரண்டு நாடுகளின் கால்பந்தும் ஓடுகிறது!

டிவிக்காரன் ஏன் இரண்டு மடங்கு கொடுக்க மாட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டச்சு ரசிகன் சந்தா கட்டுவது அயாக்ஸ் – ஃபெயெனூர்ட் ஆட்டத்துக்காக. பெல்ஜிய ரசிகன் கட்டுவது க்ளப் ப்ரூஹ் – ஆண்டர்லெக்ட் ஆட்டத்துக்காக. இந்த இரண்டும் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. புதிதாகச் சேர்வது என்ன? அயாக்ஸ் – ஆண்டர்லெக்ட், ஃபெயெனூர்ட் – ப்ரூஹ் என்று ஒரு சில பெரிய ஆட்டங்கள், ஒப்புக்கொள்கிறேன், நானே உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் சீசன் முழுக்க இருக்கும் முந்நூறு சொச்சம் ஆட்டங்களில் பெரும்பாலானவை, ஒரு நாட்டின் நடுத்தரக் கிளப் இன்னொரு நாட்டின் நடுத்தரக் கிளப்போடு சனிக்கிழமை ராத்திரி ஆடும் ஆட்டம். அதை எந்த நாட்டில் எத்தனை வீட்டில் பார்ப்பார்கள்?

சரி, இதெல்லாம் ஊகம் என்று சொல்வீர்கள். இதே இரண்டு நாடுகள் இதைச் செய்தே பார்த்திருக்கின்றன. 2012-ல் பெண்கள் கால்பந்தில் பெனெ லீக் என்று தொடங்கினார்கள். டச்சு பெண்கள் லீக் 2007-ல்தான் பிறந்திருந்தது, அதையே நிறுத்திவிட்டு எட்டு டச்சு அணி, எட்டு பெல்ஜிய அணி என்று 16 அணிகளைச் சேர்த்தார்கள். இதைவிட வசதியான இடம் உலகத்தில் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்து நாடு, விமானம் வேண்டாம், பஸ்ஸில் காலையில் கிளம்பினால் சாயங்கால ஆட்டத்துக்குப் போய்விடலாம், பெல்ஜியத்தில் பாதிப் பேருக்கு மேல் பேசுவதும் டச்சுதான், நாணயமும் ஒன்றே. இத்தனை இருந்தும் மூன்றே சீசன்தான் ஓடியது. வீராங்கனைகள் மேல் குறை இல்லை, ட்வென்டே அணி முதல் இரண்டு பட்டங்களையும் ஜெயித்தது, மூன்றாவதை ஸ்டாண்டர்ட் லியேஜ் எடுத்தது, ஆட்டம் நன்றாகவே இருந்தது. செலவைச் சுமக்க முடியாமல் அணிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, இரண்டு சங்கங்களும் மேற்கொண்டு எப்படி நடத்துவது என்பதில் ஒத்துப்போகவில்லை, 2015-ல் மூடிவிட்டார்கள். நெதர்லாந்து திரும்பவும் தன் சொந்த லீக்கை எழுப்பியது. இரண்டே வருடத்தில், 2017-ல், அந்த நாட்டுப் பெண்கள் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்கள். 2019-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கும் போனார்கள். முழுப் புகழும் சொந்த லீக்குக்கே என்று நான் சொல்லவில்லை, பெனெ லீக்கில் ஆடிய அனுபவமும் அதில் இருக்கும். ஆனால் எல்லை தாண்டிய லீக் இல்லாவிட்டால் சிறிய நாடு அழிந்துபோகும் என்ற எதிரணி வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

ஸ்காண்டிநேவியாவுக்கு வாருங்கள். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் சேர்ந்து 2004-ல் ராயல் லீக் ஆரம்பித்தன. நாட்டுக்கு நான்கு கிளப், மொத்தம் 12. பேரும் பெரிது, கிளப்புகளும் பெரியவை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். டென்மார்க்கில் கோடையில் தொடங்கி நடுவில் குளிர்கால இடைவெளி விட்டு அடுத்த வசந்தம் வரை போகும். மூன்று பேருக்கும் பொதுவாகக் கிடைத்த இடம் எது? குளிர்காலம். ஆக, நவம்பர், டிசம்பர், பிப்ரவரியில், தரை உறைந்து கிடக்கும் நேரத்தில், ஸ்காண்டிநேவியாவில் கால்பந்து! ஆட்டம் சுவாரஸ்யமாக இல்லாமல் இல்லை, முதல் இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் 12–11 என்று போய்தான் கோபன்ஹேகன் ஜெயித்தது. ஆனால் மைதானத்தில் ஆள் இல்லை. மூன்று சீசன் முடிந்ததும் டிவி ஒப்பந்தம் கிடைக்கவில்லை, நான்காவது சீசன் நடக்கவே இல்லை. ஒரே ஒரு ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்த போட்டி, அது அறுந்ததும் விழுந்தது.

எதிரணியில் ஒரு தம்பி கேட்டார்: "அப்படியானால் பெரிய முதலீட்டாளர் வந்தால்?" நல்ல கேள்வி, தம்பி. வந்தார்களே. 2021 ஏப்ரல் 18 ராத்திரி 12 பெரிய கிளப்புகள், தங்களுக்குக் கீழே இறங்கும் பயமே இல்லாத ஐரோப்பிய சூப்பர் லீக்கை அறிவித்தன. பின்னால் ஜேபி மோர்கன் வங்கி, நூற்றுக்கணக்கான கோடி யூரோ. இதைவிடப் பணம் யாரிடமும் கிடையாது. ஏப்ரல் 20 சாயங்காலம், அந்த 12-ல் ஒன்றான லண்டன் கிளப் செல்சியின் மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் சாலையை மறித்து அணியின் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தக் கிளப்பின் பழைய கோல்கீப்பர் பீட்டர் செக், அப்போது அங்கே ஆலோசகர், கூட்டத்துக்குள் இறங்கி நின்று, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்று இரவுக்குள் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் வெளியேறிவிட்டன. பணம் இருந்தும் நடக்கவில்லை. ஏனென்றால் ரசிகனுக்குத் தன் ஊர் லீக்கில் ஏறுவதும் இறங்குவதும்தான் உயிர், அதை யாரும் விலைக்கு வாங்க முடியவில்லை.

ஆப்பிரிக்காவில் இன்னும் வருத்தமான கதை. 2022-ல் 24 கிளப்புகளோடு சூப்பர் லீக், பரிசுத்தொகை மொத்தம் 10 கோடி டாலர், ஜெயித்தவருக்கு 1 கோடிக்கு மேல் என்று அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் தொடங்கியபோது எட்டு கிளப்புகள்தான் இருந்தன. பெயரும் மாறியிருந்தது. கோப்பையை வென்ற தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸுக்குக் கிடைத்தது 40 லட்சம் டாலர். அடுத்த வருடம் போட்டியே இல்லை. அந்த 10 கோடியை நம்பி வீரர்களுக்கு ஒப்பந்தம் போட்ட ஒரு கிளப் இருந்திருந்தால் அதன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கனடாவின் டொராண்டோ அமெரிக்க லீக்கில் ஆடவில்லையா, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி ஆங்கில லீக்கில் ஆடவில்லையா, லிக்டென்ஸ்டைன் கிளப்புகள் ஸ்விஸ் லீக்கில் ஆடவில்லையா என்று அடுக்கினார்கள். ஆடுகிறார்கள், யார் இல்லை என்றது? ஆனால் அங்கெல்லாம் ஒரு பெரிய நாட்டின் லீக் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சங்கம், ஒரு விதிப்புத்தகம், ஒரு டிவி சந்தை. பக்கத்து நாட்டின் இரண்டு மூன்று கிளப்புகள் அதில் ஏறிக்கொள்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகன் வந்து தங்குவதற்கும், இரண்டு குடும்பமும் சொந்த வீட்டை இடித்துவிட்டுப் பொது வீடு கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதிலும் கனடாவைப் பாருங்கள். டொராண்டோ 2007-லேயே அமெரிக்க லீக்கில் சேர்ந்தது, பின்னால் வான்கூவர், மான்ட்ரியல். ஆனாலும் மூன்று அணியை வைத்து ஒரு நாடு முழுக்கக் கால்பந்து வளர்க்க முடியாது என்று புரிந்துதான் 2019-ல் கனடிய பிரீமியர் லீக்கைத் தனியாக ஆரம்பித்தார்கள்.

நடைமுறைச் சிக்கலை வேகமாகச் சொல்கிறேன், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும், 20 வயது நிரம்பிய வீரருக்கு நெதர்லாந்தில் குறைந்தபட்சச் சம்பளம் லீக் சராசரியின் ஒன்றரை மடங்கு. பெல்ஜியத்தில் அந்த வரம்பு அதைவிட ரொம்பக் கீழே. ஒரே லீக், ஒரே பட்டம், ஆனால் கானாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரு பையனை எடுக்க ஒருவருக்கு ஒரு செலவு, பக்கத்தில் இருப்பவருக்கு வேறு செலவு. வரி வேறு, போலீஸ் விதி வேறு. சாம்பியன்ஸ் லீக் இடங்கள் நாட்டுச் சங்கத்தின் பெயரில்தான் வருகின்றன, பொது லீக்கில் மூன்றாவது வந்தவருக்கு எந்த நாட்டுக் கணக்கில் இடம்? இதையெல்லாம் தீர்க்க இரண்டு அரசும் சட்டம் மாற்ற வேண்டும்.

அரசு என்றதும் இன்னொன்று. 2013-ல் ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே லீக் நடத்தலாம் என்று பேசினார்கள். ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் தலைவர் ஆதரவு இருந்தது, ரஷ்யாவின் ஜெனித், ஸ்பார்ட்டக், உக்ரைனின் டைனமோ கீவ், ஷக்தார் நான்கும் அந்தக் கோடையில் முன்னோட்டமாக ஒரு போட்டியே ஆடின. அடுத்த வருடம் கிழக்கு உக்ரைனில் போர் வெடித்தது, உங்களுக்குத் தெரியும். ஷக்தார் தன் சொந்த ஊரான டொனெட்ஸ்கை விட்டே வெளியேறியது. இருந்தாலும் அந்தக் கிளப் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் திரும்பிப் போய் ஆட உக்ரைனுக்கு என்று ஒரு லீக் கலையாமல் இருந்தது.

எதிரணி நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அடுத்துப் பேச வருபவர் பதில் சொல்லட்டும். ஏறக்குறைய சம பலமுள்ள இரண்டு நாடுகள், தங்கள் முதல் டிவிஷனைக் கலைத்துவிட்டு ஒன்றாகச் சேர்ந்து, ஆண்கள் கால்பந்தில் பத்து வருடம் சொந்த வருமானத்தில் நடத்திய ஒரு லீக்கின் பெயரைச் சொல்லுங்கள். கூடைப்பந்தில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், பன்னிரண்டு பேரை அழைத்துப் போகும் செலவும் இங்கே ஆகும் செலவும் ஒன்றில்லை. கால்பந்தில் ஒன்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.