கன்றின் முதல் வாரங்களும் அத்தியாவசியக் கொழுப்பமிலங்களும்

[காட்சி: ஒட்டுசுட்டான் பக்கத்து மாட்டுப் பட்டி, விடியற்காலை]

கயிறு அவிழ்ந்ததும் கன்று நேரே தாயின் மடிக்கு ஓடி, இரண்டு முறை முட்டி, காம்பைப் பற்றி, வாயோரம் நுரை ததும்பக் குடிக்கிறது. வன்னியில் அன்றாடம் காணும் இந்தக் காட்சியில், கன்றின் உடல் தானாக ஆக்கிக்கொள்ள முடியாத இரண்டு கொழுப்பமிலங்கள் அதனுள் செல்கின்றன.

அவை லினோலெயிக் அமிலமும் அல்பா லினோலெனிக் அமிலமும் ஆகும். அமில முனையிலிருந்து எண்ணினால், ஒன்பதாம் காபனுக்கு அப்பால் இரட்டைப் பிணைப்பை இடும் நொதியங்கள் பசுவிடமோ ஆட்டிடமோ இல்லை, புல்லிடம் உண்டு. கொழுப்பே இல்லாத தீனியில் வளர்ந்த எலிகளின் வளர்ச்சி தடைப்பட்டு, வாலில் செதில் படிவதை ஜோர்ஜ் பேர், மில்ட்ரெட் பேர் தம்பதியர் அமெரிக்காவின் மினசோட்டாவில் 1929இல் காட்டினர்.

[காட்சி: இரைப்பையின் வரைபடம்]

வளர்ந்த மாட்டின் நான்கு அறை கொண்ட இரைப்பையில், முதல் அறையில் வாழும் நுண்ணங்கிகள் இவ்விரு அமிலங்களின் பெரும்பகுதிக்கு ஐதரசனை ஏற்றி நிரம்பிய கொழுப்பாக்கிவிடுகின்றன. பசுப்பாலில் இவை சொற்பமாக இருப்பதற்கும் அதுவே காரணம். கன்று சப்பும்போதோ உணவுக்குழாயின் முடிவிலுள்ள பள்ளம் குழாய்போல மூடிக்கொள்வதால், பால் நுண்ணங்கிகளின் கைக்குப் படாமல் நான்காம் அறையை அடைகிறது. காம்பில் ஊட்ட விடும் நம் பழைய வழக்கத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

உமிழ்நீரில் வரும் நொதியம் பாற்கொழுப்பைப் பிரிக்கத் தொடங்க, சிறுகுடலில் பித்தநீரும் கணையச் சாறும் அதனை முடிக்கின்றன. பின் நிணநீர் வழியே குருதியில் கலந்து ஈரலை அடைந்த லினோலெயிக் அமிலத்தில், ஒரு நொதியம் இரட்டைப் பிணைப்பைக் கூட்ட, இன்னொன்று சங்கிலியைப் 18 காபனிலிருந்து 20க்கு நீட்ட, மறுபடி ஒரு பிணைப்புச் சேர்ந்து அரக்கிடோனிக் அமிலம் உருவாகிறது. அல்பா லினோலெனிக் அமிலமும் இதே நொதியங்களுக்குப் போட்டியிட்டு, மேலும் நீண்டு, மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலம் ஆகிறது.

[காட்சி: கடும்புப்பால் குடிக்கும் பிறந்த கன்று]

பிறந்த கன்றின் குருதியில் இவ்விரண்டும் மிகக் குறைவு. அப்போது சும்மா நிற்கும் நொதியங்கள், உடல் தானே ஆக்கக்கூடிய கொழுப்பமிலமான ஒலெயிக் அமிலத்தைப் பிடித்து மீட் அமிலம் என்னும் மாற்றுப் பொருளை ஆக்குகின்றன. வேறு விலங்குகளில் பற்றாக்குறையின் அடையாளமான அது இளங்கன்றில் நிறைந்திருந்தும், தோல் வெடிப்பதில்லை. கிடைத்த சிறிதளவையும் எரித்துவிடாமல், கலச்சவ்வை ஆக்கும் கொழுப்புப் பொருள்களான பொசுபோலிப்பிட்டுகளில் கன்று சேமித்துவைக்கிறது.