தூண்டில் போடுமுன் ஓடையை எண்ணுங்கள்

[காட்சி: விடியற்காலை. இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளி. பனிமூட்டத்துக்கு அடியில் பெலிஹுல் ஓயா என்ற ஓடை.]

இந்தத் தண்ணீரில் கால் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே விறைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே நிற்கிறோம். இந்தக் குளிரை நம்பித்தான் இங்கே வானவில் டிரவுட் வாழ்கிறது. இதுவும் சாமன் குடும்பத்து மீன்தான்.

ஆனால் இது நம் மலைக்குச் சொந்தமானதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. நம் பூட்டன்மார் தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளின் காம்பராக்களில், நெருக்கியடித்துக் கிடந்த காலம் அது.

[காட்சி: வரைபடம். இலங்கையிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு நகர்கிறது.]

அந்தத் துரைமாரில் பலருடைய சொந்த ஊர் ஸ்கொட்லாந்து. அங்கே சாமன் ஆற்றில் பொரித்து, கடலில் பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். இப்போது திரும்பி வருபவை குறைந்துவிட்டன. அதனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் கணக்கு வைக்கிறார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்? ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பில் ஒரு கருவி, மேலேறும் மீன்களை எண்ணும். சிற்றோடைகளில் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சிக் குஞ்சுகளைச் சற்று நேரம் மயக்கி, எண்ணி, அளந்து, திரும்ப விட்டுவிடுவார்கள். பெண் மீன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டி முட்டையிட்ட குழிகளைக் கரையோரம் நடந்தே எண்ணுவதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது செதில் வாசிப்பு. மரத்தின் உள்வளையம் போலச் செதிலிலும் வளையங்கள் உண்டு. ஆற்றில் எத்தனை குளிர்காலம், கடலில் எத்தனை என்று ஒரே ஒரு செதில் சொல்லிவிடும்.

பிறகு ஒரே கேள்வி: அடுத்த தலைமுறைக்குப் போதிய முட்டை இந்த ஆற்றில் விழுமா? அதைப் பார்த்து 2016 முதல் ஆறுகளை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால், பிடித்த சாமனைக் கட்டாயம் திரும்ப விட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, தூண்டில் முள்ளைக் கழற்றி விடுவதுதான் முறை.

[காட்சி: மழைக்குப் பின் செம்மண் நிறத்தில் ஓடும் ஓடை. மேட்டில் உருளைக்கிழங்குப் பாத்திகள்.]

இனி நம்ம பக்கம் வருவோம். சரளைக்கு இடையில் தெளிந்த நீர் ஓடினால்தான் முட்டை மூச்சு விடும். மரக்கறித் தோட்டத்திலும் தேயிலைச் சரிவிலும் கரையும் மண் வந்து படிந்தால், முட்டை அங்கேயே செத்துவிடும். ஆகவே மீனை எண்ணப் போகிறவர் முதலில் மேட்டுக்கு ஏறி, மண் எங்கே கரைகிறது என்று பார்க்க வேண்டும்.

[காட்சி: தண்ணீருக்கு அடியில், புல்வேரைப் பற்றிய சின்னஞ்சிறு இறால்.]

இதோ, இவரைப் பாருங்கள். உலகத்திலேயே இந்தச் சமவெளி ஓடைகளில் மட்டும் வாழும் நன்னீர் இறால். டிரவுட்டுக்கு இது இரை. ஸ்கொட்லாந்தில் சாமன் மண்ணின் பிள்ளை, அதைக் காப்பது நியாயம். இங்கே மண்ணின் பிள்ளை இந்த இறால். டிரவுட் பெருகினால் தூண்டில்காரருக்குக் கொண்டாட்டம், இதற்கோ உயிர்போகும் ஆபத்து. அந்தப் பெருக்கத்தை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நுவரெலியாவில், நானுஓயாவில், பட்டிப்பொலையில் ஓடைக்கரையில் வளரும் பிள்ளைகளே, கொப்பியில் இரண்டு பத்தி போடுங்கள். டிரவுட்டுக்கு ஒன்று, உங்கள் ஓடையின் மண்ணின் பிள்ளைக்கு ஒன்று. மாதம் ஒரு தடவை, அதே இடம், அதே நேரம். மண்ணின் பிள்ளையின் பத்தியை முதலில் நிரப்புங்கள்.