எதையாவது ஓட்டுங்கள், ஐயா!

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் மாதிரி ரயில் கண்காட்சி நடத்துகிறவர்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. கூட்டம் காசு கொடுத்துப் பார்க்க வந்திருக்கிறது, ஏதாவது ஒரு வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அசல் கிளைப் பாதையில் எப்போது வண்டி வந்ததோ அப்போதுதான் இங்கேயும் வரும், நடுவில் கேட்கக்கூடாது என்பது மற்றொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்காரர்களின் மேசைக்கு முன்னால் போய் நின்றால், அழகான நிலையம் இருக்கும். நடைமேடையில் ஓர் அங்குல உயரம்கூட இல்லாத பயணிகள் பெட்டி படுக்கையோடு காத்திருப்பார்கள். சிக்னல் கம்பத்தில் ஏணி உட்பட எல்லாம் இருக்கும். ரயில் மட்டும் இருக்காது. பின்னால் இரண்டு பேர் தேநீர்க் கோப்பையும் கையுமாக ஏதோ ஒரு பழைய கால அட்டவணையைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். முன்னால் ஒரு குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். இந்த வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. நான் எந்தப் பக்கம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் குடியிருப்பவன். ஓய்வு நேரத்தில் உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, பலகையில் தண்டவாளம் பதிப்பவன். இந்த நாட்டில் இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை, எந்த சனிக்கிழமையானாலும் எங்காவது ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலோ தேவாலய மண்டபத்திலோ மாதிரி ரயில் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும். பெரியவையும் உண்டு. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் மார்ச் மாதம் நடப்பது அதில் ஒன்று. உலகின் மிகப் பழைய மாதிரி ரயில் சங்கமும் லண்டனில்தான் இருக்கிறது, 1910இல் தொடங்கியது. ஆகவே இதைச் சிறுவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு யாராவது உள்ளே போனால், நரைத்த தலைகளைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள்.

மண்டபத்துக்குள் என்ன இருக்கும்? வரிசை வரிசையாக ‘லேஅவுட்’ இருக்கும். ஒரு நிலையமோ, ஒரு சுரங்க ஊரோ, ஒரு துறைமுகமோ, அதன் சுற்றுப்புறத்தோடு பலகைகளின்மேல் கட்டப்பட்டிருக்கும். பலகைகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். வெள்ளி மாலை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, கால்களைப் பொருத்தி, பலகைகளை முளையும் போல்ட்டுமாக இணைத்து, மின்கம்பிகளைச் சேர்த்து, தண்டவாளத்தைத் துடைத்து, முதல் வண்டியை ஓடவிடுவதற்குள் இரவு வெகுநேரமாகிவிடும். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தண்டவாளம் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் வண்டி அங்கே குதிக்கும். மண்டபத்தின் தரை சமமாக இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. எல்லோருடைய பையிலும் மெல்லிய மரச்சில்லுகள் இருக்கும், காலுக்கு முட்டுக் கொடுக்க.

இந்த உலகில் ஒரு பெரிய சண்டை இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மிகுதியாகப் புழங்கும் அளவு ‘டபுள் ஓ’ என்பது. அசலில் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது 76இல் ஒரு பங்கு. ஆனால் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், இது ஐரோப்பாவின் 87இல் ஒரு பங்கு அளவுக்கு உரியது. ஏன் இந்தப் பொருத்தமின்மை? பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. அக்காலத்து மின்மோட்டார் அந்தச் சின்ன உடலுக்குள் நுழையவில்லை. எனவே உடலைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கணக்குப் போட்டால், 4 அடி 8½ அங்குலம் இருக்க வேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாக நிற்கிறது. ஏழு அங்குலம் குறைவு! முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் ஒடுங்கிய கால்களில் நிற்பது தெரியும். பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பொறுக்க முடியாதவர்கள் 18.2 மில்லிமீட்டரில் ஒரு பாதை போட்டார்கள். அதுவும் போதாது என்றவர்கள் 18.83 மில்லிமீட்டருக்குப் போனார்கள். அந்தக் கடைசி வகையினர் சக்கரத்தின் விளிம்பைக்கூட அசலுக்கு ஏற்றபடி மெல்லியதாக வைத்துக்கொள்வார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். தடம் புரண்டால் மட்டும் பக்கத்து மேசைக்காரர் ஒரு புன்னகை பூப்பார்.

கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கத்துக்கு வாருங்கள். காட்சியின் இரு ஓரங்களிலும் வானம் தீட்டிய அட்டைக்குப் பின்னால், ‘ஃபிடில் யார்டு’ என்று ஓர் இடம் மறைந்திருக்கும். ஊரைவிட்டுப் போகிற ரயில் அங்கேதான் போய் நிற்கிறது. அங்கிருந்துதான் அடுத்த ரயில் கிளம்பி வருகிறது. ஒருவர் அங்கே குனிந்து நின்று, வந்த எஞ்சினைக் கையால் தூக்கி மறுமுனையில் வைப்பார், பெட்டிகளை மாற்றுவார், முன்பக்கம் இருப்பவர் மணியடித்துக் கேட்டதும் அனுப்புவார். அந்த மணிக்கும் முறை உண்டு. அசல் சிக்னல் அறைகளில் எத்தனை தட்டினால் என்ன வண்டி என்று இருந்ததோ, அதே கணக்கு.

இதற்கு அடிமையாகிப்போனவர்களில் எனக்குப் பிடித்தவர் பீட்டர் டென்னி என்ற பாதிரியார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பக்கிங்ஹாம் என்ற ஒரு கிளைப் பாதையைக் கட்டத் தொடங்கி வாழ்நாள் முழுவதும் கட்டிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு நிலையத்தை இயக்கியவர் அவருடைய மகன் கிறிஸ்பின். மகன் எப்போதும் கூடவே இருப்பாரா? அப்பா ஓர் இயந்திரம் செய்தார். அது மணியோசையை வாங்கிக்கொண்டு மணியோசையாலேயே பதில் சொல்லி, அட்டவணைப்படி வண்டிகளை அனுப்பியது. அதற்கு ‘தானியங்கி கிறிஸ்பின்’ என்றே பெயர் வைத்தார். கால அட்டவணைக் கட்சியின் உச்சம் என்று இதைத்தான் சொல்வேன். அவர் வீட்டில் அது பொருத்தம். இருநூறு பேர் நெருக்கியடிக்கும் மண்டபத்தில் பொருத்தமா என்பதுதான் கேள்வி.

என் பதில் இதுதான்: சும்மா வட்டமடிக்கவும் வேண்டாம், காக்கவைக்கவும் வேண்டாம். வேலை செய்கிற வண்டியைக் காட்டுங்கள். ஒரு சரக்கு யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் சின்ன எஞ்சினின் முன்னால் நிற்கிற கூட்டம், நூறு மைல் வேகத்தில் சுற்றுகிற விரைவு வண்டியின் முன்னால் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. இதை நான் பல மண்டபங்களில் பார்த்துவிட்டேன்.

ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய ‘இங்கிள்நூக்’ என்ற சிறிய யார்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றே பாதைகள். ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் நகர இருக்கும் இடத்தில் எஞ்சினோடு மூன்று பெட்டிகளுக்கு மேல் அடங்காது. மொத்தம் எட்டுப் பெட்டிகள். பெட்டிக்கு ஒன்றாக எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, வந்த வரிசைப்படி ஐந்து பெட்டிகளைக் கோத்து ஒரு ரயிலாக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசை மாற்றி எடுக்க 6,720 வழிகள் உண்டு. எனவே ஒரு வார இறுதிக்குள் அலுத்துப்போகாது. பலகை முழுவதையும் ஒரு காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். பத்து வயதுப் பிள்ளைகள் இதில் பெரியவர்களைத் தோற்கடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் எஞ்சினைப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் காலி இடத்தைப் பார்க்கிறார்கள்.

பெட்டிகளை இணைக்கும் வேலையை மிக அருகில் நின்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் பெட்டிகளுக்குப் பெரிய பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், முட்டினாலே மாட்டிக்கொள்ளும். அசல்போல் இருக்க வேண்டும் என்கிறவர்கள் மூன்று வளையச் சங்கிலியைப் போடுவார்கள். ஒவ்வொரு வளையமும் ஓர் அரிசி மணிக்கு மேல் இராது. ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். நடுக்கம் பிடித்த கை. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். அவர் சிறிய டார்ச் விளக்கின் நுனியில் வளைத்த கம்பி ஒன்றைக் கட்டிவைத்திருப்பார். அதைப் பெட்டிகளின் நடுவே இறக்குவார். வெளிச்சம் அட்டைக் கூரைகளின்மேல் ஆடும். மணிக்கட்டை ஒரு பெட்டியின் கூரையோரம் லேசாக ஊன்றியதும் ஆட்டம் நின்றுவிடும். வளையத்தைத் தூக்கி, அடுத்த பெட்டியின் கொக்கியில் போட்டுவிட்டு, மூச்சுவிடுவார். சுற்றி நிற்கும் நாங்களும் அப்போதுதான் மூச்சுவிடுவோம்.

ஒலி விஷயத்தில் நான் பழமைவாதி. இப்போது எஞ்சினுக்குள் மின்னணுச் சில்லு வைத்து, சிறு ஒலிபெருக்கியில் டீசல் உறுமலையும் பிரேக் கிறீச்சிடலையும் கேட்கச் செய்கிறார்கள். வீட்டில் ஓர் எஞ்சின் என்றால் இனிமை. மண்டபத்தில் நாற்பது எஞ்சின்கள் சேர்ந்து நின்ற இடத்தில் உறுமினால், ஞாயிறு மாலைக்குள் தலைவலி நிச்சயம்.

பெரிய படைப்புகளில் ஒன்றையாவது சொல்ல வேண்டும் என்றால் ‘கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ்’ என்பதைச் சொல்வேன். நான் முன்பு சொன்ன லண்டன் சங்கத்தின் வேலை. கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கே உள்ள நகரப் பகுதியை, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இருந்தபடி அமைத்திருக்கிறார்கள். 1980களில் தொடங்கியது. ரயில்கள் அடிக்கு 2 மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். ஆனால் பின்னே போகப் போக வீடுகளின் அளவு குறைந்துகொண்டே போகும். கடைசி வரிசைக் கூரைகள் மைல் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். பக்கவாட்டில் போய் நின்றால் வித்தை புரிந்துவிடும். புரிந்தபிறகும் முன்னால் வந்தால் மறுபடி ஏமாறுவோம்.

நம் ஊர்க்காரர் என்று தெரிந்தால் இந்த மண்டபங்களில் வரும் முதல் கேள்வி கிரிக்கெட் இல்லை, நீலகிரி ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் வண்டி, கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறுவதும், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதும் அவர்களுக்குத் தெரியும். அதன் பழைய ‘எக்ஸ்’ வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை என்பதை என்னிடமே சொல்வார்கள். நம் பழைய மீட்டர்கேஜ் பாதையைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: சுவிஸ் மலைரயில்களில் பலவும் மீட்டர்கேஜ்தான். 87இல் ஒரு பங்கு அளவில் அதற்கான 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும்தான் நாமே கத்தியும் பிசினும் எடுக்க வேண்டும். 1931 முதல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மீட்டர்கேஜ் மின்ரயிலை யாராவது செய்தால், முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

இனி ஒரு வருத்தமான செய்தி. 2019 மே மாதம், லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டு ஊரில், மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில் சங்கம் ஒரு பள்ளி மண்டபத்தில் கண்காட்சிக்கு எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. இரவில் சில இளைஞர்கள் உள்ளே புகுந்து, ஆண்டுக்கணக்கில் கட்டியதையெல்லாம் மிதித்து நொறுக்கினார்கள். காலையில் கதவைத் திறந்தவர்கள் தரையில் கண்டது தூள். சங்கம் 500 பவுண்டு நன்கொடை கேட்டது. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்தார்.

அவர் ஏன் கொடுத்தார் என்று பலர் வியந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் விடை கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் மேல்தளத்தில், 1940களின் அமெரிக்கத் தொழில் நகரம் ஒன்றை 23 ஆண்டுகளாகக் கட்டியிருந்தார். 124 அடி நீளம், 23 அடி அகலம். இசைப் பயணம் போகும்போது ஓட்டலில் இன்னோர் அறை எடுத்து, அங்கே உட்கார்ந்து கட்டடங்கள் செய்வாராம். இதைப் பற்றி பிபிசி வானொலியில் பேசிய ஜெரமி வைன், பெரும்பகுதியை அவர் தாமே செய்திருக்கமாட்டார் என்று சொல்லப்போக, ராட் ஸ்டூவர்ட்டே நிலையத்துக்குத் தொலைபேசி செய்து, தொண்ணூறு விழுக்காடு என் கையால் செய்தது, மின்வேலை மட்டும்தான் எனக்கு வராது என்று சண்டை போட்டார். வானொலியில் பேசும் எனக்கு இது ஓர் எச்சரிக்கையும்கூட.

பர்மிங்ஹாமின் பெரிய கண்காட்சி மையத்தில் வார்லி சங்கம் நவம்பர்தோறும் நடத்திவந்ததுதான் பல ஆண்டுகளாக இந்தத் துறையின் திருவிழா. அசல் எஞ்சினையே மண்டபத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு சங்கத்தின் தன்னார்வலர்கள் சுமந்த பாரம் அது. 2023 நவம்பரோடு அது நின்றுவிட்டது. பெரியது நின்றால் சிறியவை தழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரே கூரையின் கீழ் ஜப்பானிய லேஅவுட்டையும் வேல்ஸ் மலைச்சுரங்கத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் போல்ட் வாங்குகிற வசதி தேவாலய மண்டபத்தில் வராது. ஆனால் அங்கே கேக் நன்றாக இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

போக நினைக்கிற நேயர்களுக்குச் சில வார்த்தைகள். முதுகுப் பையை வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது எதை இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பின்னால் இருப்பவருக்குத் தெரியும். பழைய பெட்டிகள் கொட்டிக்கிடக்கும் மேசையில் வாங்குவதானால், சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். ஞாயிறு மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறையும், இயக்குகிறவர்களுக்கும் கால் வலிக்கும். அந்த நேரத்தில் ‘பின்பக்கம் வந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். நான் கேட்டவரையில் யாரும் மறுத்ததில்லை. பிள்ளைகள் கூட இருந்தால், கட்டுப்பாட்டுக் கருவியையே கையில் கொடுத்துவிட்டு நாற்காலி தேடிப் போகிறவர்களும் உண்டு. ரயில் வராத மேசை முன்னால் நிற்க நேர்ந்தால், என் சார்பில் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.