பூ கொண்டுவராத பத்து நாள்

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு மூன்று தடவை மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது. தெரிந்த முகங்கள் நிறைய உட்கார்ந்திருப்பதால் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாம் எல்லாவற்றுக்கும் ‘மன அழுத்தம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். வட்டிக்காரர் நெருக்கினாலும் அதே சொல், இந்த நோய்க்கும் அதே சொல். கடன் அடைந்தால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். இது அப்படி இறங்காது. அநேகமாக நாள் முழுக்க மனசு இருண்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, குறைந்தது 2 வாரம் நீடித்தால் மனச்சோர்வு என்கிறார்கள். தைராய்டு கோளாறு, ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி படுத்தும். அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள்.

எனக்கு வந்தது ‘நடுத்தரம்’. இந்தச் சொல்லில்தான் எல்லோரும் ஏமாந்து போகிறோம். 9 கேள்வி கேட்டு 27-க்கு மதிப்பெண் போடுகிற ஒரு தாள் இருக்கிறது. அதில் 10 முதல் 14 வரை நடுத்தரம். ஆள் படுத்துவிட மாட்டான், கடைக்குப் போவான். ஆனால் பத்து நிமிஷத்தில் போடுகிற சிட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகும், கூட்டல் தப்பும், பூ கொண்டுவந்த விவசாயியின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. “நல்லாத்தானே நடமாடுறான், அவனுக்கு என்னா கேடு?” என்றார் எங்கள் சொந்தக்காரர் ஒருவர். நோயைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இரண்டாவது தடவை மாத்திரையில் குணமாகித் தை மாதம் பழைய ஆளாகிவிட்டேன். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். இனி நமக்கு என்ன என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினேன். சில நாளிலேயே தலைசுற்றல், எரிச்சல். இந்த மாத்திரை போதை மாதிரி ஆளைப் பிடித்துக்கொள்ளாது. ஆனால் திடுமென விட்டால் உடம்பு தடுமாறும், டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். ஐப்பசி மழைக்குள் மூன்றாவது தடவையும் வந்துவிட்டது.

பிறகுதான் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை பலன் காட்டவே சில வாரம் பிடிக்கும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். என்னைப்போல் திரும்பத் திரும்ப வருகிறவர்களை 2 வருஷமோ அதற்கு மேலோ சாப்பிடச் சொல்கிறார்கள்.

விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுவது இந்த நோயின் அடையாளம். தினமும் 3 மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? 1 மணிக்கே முழித்துக்கொண்டு கிடந்ததைத் தொழில் பழக்கம் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள். “ஏங்க, பத்து நாளா நீங்க வீட்டுக்குப் பூவே கொண்டுவரல” என்றாள். நாலு பக்கமும் மல்லிகை குவிந்து கிடக்கும் இடத்தில் இருந்து வெறுங்கையோடு வந்திருக்கிறேன். மறதி என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வாசனையே எனக்கு எட்டவில்லை.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒரு வாரம் பூ வராவிட்டால் அவள் கேட்பாள். நான் எதிர்த்துப் பேசாமல் டாக்டரிடம் கிளம்ப வேண்டும். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சவரம் செய்யாமல் விடுவது, போன் எடுக்காமல் இருப்பது, குழம்பில் உப்பு மறப்பது. அதை நல்லா இருக்கும்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

ஆலோசகர் ஒருவர் எனக்குப் பழக்கிய விஷயம்: ஆசை வரட்டும், அப்புறம் எழுந்திருப்போம் என்று காத்திருக்காதே, எழுந்து நட, ஆசை பின்னால் வரும். தெப்பக்குளத்தைச் சுற்றச் சொன்னார். முதல் நாள் ஒரு கரையோடு திரும்பிவிட்டேன். ஒரு முழுச் சுற்று வர மூன்று வாரம் ஆனது. பாண்டி கோயிலுக்குப் போகச் சொன்னார்கள், அங்கேயும் போனேன், மனசுக்கு ஆறுதலாக இருந்தது. வந்து ராத்திரி மாத்திரையும் போட்டுக்கொண்டேன்.

‘நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்’ என்று எனக்கும் ஒரு ராத்திரி தோன்றியது. அப்படித் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022-இல் தொடங்கிய அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை நான் ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகிறேன். தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் இங்கே யாராவது இருக்கலாம். காலை ஏழரை மணிக்குக் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். சேர்ந்தே போய் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளலாம்.